மிச்சம் எண்ணுகிறவர்

அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. பதினெட்டு வருடமாக அடுத்தவர் எழுதியதில் குற்றம் கண்டுபிடித்தே சோறு தின்கிறேன். அதனால் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஒரு வாக்கியம் எங்கேயாவது மழுப்புகிறது என்று தெரிந்தால் எனக்குத் தூக்கம் வராது. "உனக்கு மூக்கு முகத்தில் இல்லை, ஊரில் இருக்கிற எல்லார் வீட்டு ஜன்னலிலும் இருக்கிறது" என்பார் என் முதலாளி. சொல்லிக்கொள்ளட்டும்.

போன வருடம் பீரங்கிப் பட்டாலியனின் எழுபத்தைந்தாம் ஆண்டுப் புத்தகம் எங்கள் அச்சகத்துக்கு வந்தது. இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் போட்ட பழைய புத்தகத்தைத் திருத்தி, இப்போதைய கதையைச் சேர்க்க வேண்டும். கர்னல் என்னை உட்காரவைத்து, ரொம்ப மரியாதையாக, "புதுசா எதையும் தோண்டாதீங்கம்மா. இருக்கறதைச் சுத்தம் பண்ணிக் கொடுத்தா போதும்" என்றார். என்னிடம் போய் இதைச் சொல்லலாமா?

பழைய புத்தகம் படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆறு பீரங்கி, நாற்பது கோவேறு கழுதை என்று ஆரம்பித்த பட்டாலியன். கழுதைகளின் பெயர்கள் ஒரு பக்கம் முழுக்க இருந்தன. அவற்றை ஓட்டிய மனிதர்களின் பெயர்கள் இல்லை. பிறகு லாரிகள் வந்தன. பிறகு ஆற்றங்கரைப் போர், ஒன்பது நாள். அதற்கப்புறம் ஒரு பெருவெள்ளத்தில் பீரங்கி இழுக்கும் வண்டிகளில் கயிறு கட்டிப் படகு இழுத்திருக்கிறார்கள். கடைசியில் பீரங்கிகளுக்கு வயதாகிவிட, இதைப் பயிற்சிப் பட்டாலியனாக மாற்றிவிட்டார்கள். இன்றைக்கு ராணுவத்தில் பீரங்கி தொடுகிற ஒவ்வொருவரும் பதினொரு வாரம் இங்கே இருந்துவிட்டுத்தான் போக வேண்டும். மற்றப் பட்டாலியன்காரர்கள் இதைப் "பள்ளிக்கூடம்" என்று கேலி செய்வார்களாம். ஆனால் போரின் ஒன்பது நாளில் சுட்டதைவிட அதிகமான குண்டுகளை இவர்கள் இப்போது ஒவ்வொரு வருடமும் எதிரே உள்ள ஒரே மலைச்சரிவின் மேல் சுடுகிறார்கள். அந்த மலைச்சரிவு என்ன பாவம் செய்ததோ.

போர் அத்தியாயத்தில்தான் என் கண் நின்றது. "ஒன்பதாம் நாள் பிற்பகல் இரண்டாம் அணியின் பீரங்கிகள் ஓய்ந்தன." அவ்வளவுதான். அதற்கு முந்தின பக்கத்தில், அன்று நண்பகல்தான் இரண்டு லாரி குண்டு வந்து இறங்கியது என்று இருக்கிறது. அடுத்த பக்கத்தில், எதிரிகள் இருட்டும்வரை ஆற்றைக் கடக்கப் பார்த்தார்கள் என்று இருக்கிறது. குண்டும் இருக்கிறது, எதிரியும் இருக்கிறான், பீரங்கி மட்டும் ஏன் ஓய்ந்தது? தூக்கம் வந்துவிட்டதா?

கர்னலிடம் கேட்டேன். "அது அப்படியே இருக்கட்டும்மா" என்றார். அலுவலக எழுத்தரிடம் கேட்டேன். அவர் வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "மிச்சத்தைக் கேளுங்க. சொன்னா அவருதான் சொல்லணும்" என்றார்.

மிச்சம் என்பது ஒரு மனிதர். வயது அறுபதைத் தொட இரண்டு மாதம் பாக்கி. இளவயதில் பீரங்கிக்காரர், ஒரு பீரங்கிச் சக்கரம் இடது முழங்காலின் மேல் ஏறியதிலிருந்து அந்தக் கால் மடங்காது. படையிலிருந்து எடுத்துவிட்டு, அதே பட்டாலியனில் கிடங்கு ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள். முப்பத்தொரு வருடமாக ஒரே வேலை.

அந்த வேலையைச் சொன்னால்தான் மீதிக் கதை புரியும். பீரங்கிக் குண்டு தனி, அதைத் தள்ளுகிற மருந்து தனி. மருந்து சின்னச் சின்னத் துணிப் பைகளில், ஒரு பித்தளைக் குடுவைக்குள் ஏழு பையாக வரும். ஏழையும் வைத்துச் சுட்டால் குண்டு ரொம்ப தூரம் போகும். கிட்டத்தில் விழவேண்டும் என்றால் ஒன்றோ இரண்டோ பையை உருவிவிட வேண்டும். உருவிய பைகளைப் பின்னால் ஒரு பள்ளத்தில், ஒவ்வொரு பீரங்கிக்கும் ஒரு வரிசையாக அடுக்கி, பயிற்சி முடிந்ததும் கொளுத்துவார்கள். கொளுத்துவதற்கு முன் அவற்றை எண்ணுகிறவர்தான் மிச்சம். பீரங்கிக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் எண்ண வேண்டும். பீரங்கித் தலைவர் பக்கத்தில் நின்று கையெழுத்துப் போட வேண்டும். இது இந்தப் பட்டாலியனில் மட்டும் உள்ள வழக்கம்.

"எத்தனை பை போட்டேன்னு கேட்டா எல்லாரும் சரியாத்தான் சொல்லுவாங்க" என்றார் அவர், முதல் நாளே. "எத்தனை மிஞ்சியிருக்குன்னு பாருங்க. அதுதான் பொய் சொல்லாது."

"வீட்லயும் இப்படித்தான்" என்றார் அவர் மனைவி. பட்டாலியன் தையல் அறையில் சீருடை தைக்கிறவர். என்னைப் பார்த்த ஐந்தாவது நிமிடமே 'கண்ணு' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். "சட்டை போடறதுக்கு முன்னாடி பொத்தானை எண்ணுவாரு கண்ணு. நான் ஒண்ணைத் திருடி வித்துட்டேனோன்னு."

அவர்கள் வீட்டில் அப்போது ஒரே பேச்சுதான். விடைக்குண்டு. இந்தப் பட்டாலியனில் ஒருவர் ஓய்வு பெறும் நாளில், அவர் சமையல்காரராக இருந்தாலும் சரி, அன்றைய கடைசிக் குண்டை அவர்தான் கயிறு இழுத்துச் சுடுவார். ஒரே நிபந்தனை. அவர் வேலை ஏட்டில் சிவப்பு மையில் ஒரு வரிகூட இருக்கக் கூடாது. கால் போன நாளிலிருந்து மிச்சம் அந்தக் கயிற்றைத் தொட்டதில்லை. முப்பத்தொரு வருட ஏட்டில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. அந்த நாளுக்காக மனைவி புதுச் சட்டை தைத்து, இஸ்திரி போட்டு, மாட்டியே வைத்திருந்தார்.

"மணிக்கு ஒருதரம் போய் அதைத் தொட்டுப் பாக்கறாரு. கல்யாணத்துக்குக்கூட இப்படிப் பரபரக்கல இந்த மனுஷன்."

ஒன்பதாம் நாளைப் பற்றி மட்டும் அவர் வாய் திறக்கவில்லை. நானும் விடவில்லை. நான்கு நாள் அவர் பின்னாலேயே அலைந்தேன்.

ஐந்தாம் நாள் புதன்கிழமை. மூன்று பீரங்கிகள், ஒவ்வொன்றும் இருபத்துநான்கு குண்டு, ஒவ்வொரு குண்டுக்கும் இரண்டு பை உருவ வேண்டும். அப்படியானால் பள்ளத்தில் ஒவ்வொரு வரிசையிலும் நாற்பத்தெட்டுப் பை. கடைசிச் சுற்றை மூன்று பீரங்கியும் சேர்ந்தாற்போல் சுட்டன. அவசரமாக முடித்தார்கள், மழை வருகிற மாதிரி இருந்தது.

பள்ளத்தில் மூன்றாம் பீரங்கி வரிசையிலிருந்து ஆரம்பித்தார் மிச்சம். அதன் தலைவி பயிற்சிக்கு வந்த ஒரு பெண். இரண்டு நாள் முன்னால் குறிக்கருவியில் ஒரு நூறு தப்பாகப் படித்துவிட்டு, சுடுவதற்குள் பிடிபட்டவள். அன்றிலிருந்து அவள் பெயரே 'நூறு'. நாற்பத்தெட்டையும் அவளும் சேர்ந்து எண்ணினாள். கையெழுத்துப் போட்டாள். இரண்டாம் வரிசையும் நாற்பத்தெட்டு.

முதல் பீரங்கிக்குத் தலைவர் பட்டாலியனின் சொந்த சார்ஜென்ட். பெரிய மீசை, அதுவே பெயர். மீசைக்கு எப்போதும் அவசரம். ஏட்டில் முதலிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். மிச்சம் முதல் வரிசைப் பக்கம் திரும்பினார். அப்போது பார்த்து என் நாக்கில் சனி உட்கார்ந்தது.

"அண்ணே, நீங்க சொல்ல வேணாம். ஒண்ணே ஒண்ணு. அந்த ஒன்பதாம் நாள் குண்டு ஏதாவது நம்மாளுங்க மேலேயே விழுந்துச்சா?"

அவர் அப்படியே நின்றுவிட்டார்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. இப்ப உங்க முகம் சொல்லுது."

அவர் மடங்காத காலை நீட்டி மண்மேட்டில் உட்கார்ந்தார். ஏடு மடியில் இருந்தது. தணிந்த குரலில் சொன்னார். அன்று வேகமாகச் சுடவேண்டும் என்று பைகளை முன்கூட்டியே உருவி, குடுவைகளைத் தயாராக அடுக்கி வைத்திருக்கிறார்கள். நடுவில் கட்டளை மாறியது. தூரம் கூடியது, ஒரு பை சேர்க்க வேண்டும். எல்லாக் குடுவையிலும் சேர்த்தார்கள். ஒன்றில் மட்டும் விட்டுப்போனது. அந்தக் குண்டு ஆற்றைத் தாண்டவில்லை. இக்கரையில், நம் ஆட்கள் படுத்திருந்த இடத்தில் விழுந்தது. மூன்று பேர் செத்தார்கள். உடனே பீரங்கிகளை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். சாயங்காலம் மிஞ்சிய பைகளில் ஒன்று கூடுதலாக இருந்தது. அடுத்த நாளிலிருந்து இந்த எண்ணும் வழக்கம்.

"யாரு அந்தக் குடுவையைத் தயார் பண்ணினது?"

கேட்டிருக்க வேண்டாம். கேட்டேன்.

"எங்க அப்பா" என்றார். "புத்தகத்துல மட்டும் போட்டுடாதம்மா. அவரு போய்ச் சேர்ந்துட்டாரு. சாகற வரைக்கும் வீட்ல யார்கிட்டயும் சரியாப் பேசினதில்ல."

அந்த நேரத்தில் பள்ளத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒருவன், "அண்ணே, மழை வருது, பத்த வைக்கலாமா?" என்று கத்தினான். மிச்சம் கையை அசைத்தார். ஏட்டில் நாற்பத்தெட்டு என்று எழுதினார். மூன்று வரிசையும் சீறிக்கொண்டு எரிந்தன. நான் அவர் அப்பாவைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். பிழை பார்ப்பதே தொழிலான எனக்கு, கண்ணெதிரே நடந்த பிழை தெரியவில்லை.

நான்கு மணிக்குத் தொலைபேசி வந்தது. சுடுதள எல்லைக்கு வெளியே, மலைக்கு அந்தப் பக்கம் உள்ள கல்குவாரியில் ஒரு குண்டு விழுந்து தண்ணீர்த் தொட்டி தூள்தூளாகியிருக்கிறது. ஆட்கள் எல்லாரும் சாப்பிடப் போயிருந்ததால் உயிர் பிழைத்தார்கள். மூன்று பீரங்கி சேர்ந்து சுட்ட கடைசிச் சுற்றில், தூசியில் யாரும் கவனிக்காத ஒரு குண்டு.

விசாரணை வகுப்பறையில் நடந்தது. கடைசி பெஞ்சில் நானும் இருந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை. பயிற்சிக்குப் பொறுப்பான மேஜர் ஏட்டைத் திறந்தார். நாற்பத்தெட்டு, நாற்பத்தெட்டு, நாற்பத்தெட்டு.

"அப்போ மருந்து சரி. குறிதான் தப்பு" என்றார். எல்லார் கண்ணும் நூறின் பக்கம் போனது.

"ரெண்டு தடவை படிச்சேன் சார். சத்தமாப் படிச்சேன். முந்தா நாள் தப்புப் பண்ணினேன், ஒத்துக்கறேன். இன்னிக்கு நான் பண்ணல சார்" என்றாள் அவள். 

மேஜர் மிச்சத்தைக் கூப்பிட்டார். "கணக்கு சரிதானே?"

மிச்சம் ஏட்டைப் பார்த்து, "ஏட்டுல எழுதியிருக்கு சார்" என்றார்.

 'ஆமாம்' என்று அவர் சொல்லவில்லை. பீரங்கிகள் 'ஓய்ந்தன' என்று எழுதினவர் மழுப்பினது போலவே அவரும் மழுப்பினார். மேஜருக்கு அது உறைக்கவில்லை. மிச்சம் எழுதினால் எழுதினதுதான், யார் சந்தேகப்படுவார்கள்? நூறு மறுநாள் பத்து மணி வண்டியில் திருப்பி அனுப்பப்படுவாள், இனி பீரங்கிப் பக்கமே வரமுடியாது என்று முடிவானது. எழுந்து சொல்லியிருக்க வேண்டியவள் நான். அவரைப் பேச்சில் இழுத்தவளே நான். ஆனால் சொன்னால் அவருடைய விடைக்குண்டு போய்விடும். வாயில் கொழுக்கட்டை வைத்தவள் போல உட்கார்ந்திருந்தேன். இன்றும் அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். நானே மேஜரிடம் போகப்போகிறேன் என்று சொல்லத்தான் போனேன். சமையலறையில் ஒரே சத்தம்.

"நல்லா இருக்கே கூத்து! காலங்காத்தால என் மாவுச் சல்லடையைக் கேக்கறாரு கண்ணு. எதுக்குன்னா சொல்ல மாட்டேங்கறாரு."

"சாம்பல் சலிக்க" என்றார் மிச்சம். என்னைப் பார்த்தார். "நீ பாத்தியே. முதல் வரிசையை நான் எண்ணல."

மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். புரிந்துகொள்ள ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இத்தனை வருடம் இந்தப் பட்டாலியனில் குடியிருக்கிறவர். "ரெண்டே மாசம். வாயை மூடிட்டு இருந்தா ஆகாதா? சட்டை தொங்குது பாருங்க அங்க."

"அந்தப் பொண்ணு பத்து மணி வண்டியில போயிடும்."

"அவ தப்பு பண்ணியிருந்தா?"

"பண்ணியிருந்தா போகட்டும். எனக்குத் தெரியாதே. தெரியாம தெரிஞ்ச மாதிரி எழுதிட்டேனே."

அந்த அம்மாள் சுவரில் தொங்கிய புதுச் சட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எட்டி, பரணிலிருந்து ஒரு சல்லடையை இறக்கினார். "பெரிசை எடுத்துட்டுப் போங்க. சின்னதுல சலிச்சா மத்தியானம் ஆயிடும்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

துணியும் மருந்தும் எரிந்து போகும். ஆனால் ஒவ்வொரு பையின் வாயையும் ஒரு குட்டித் தகரக் கவ்வி பிடித்திருக்கும். தகரம் எரியாது. சாம்பலை மறுநாள்தான் புதைப்பார்கள். மழையும் நாலு தூறலோடு ஏமாற்றிவிட்டது. மிச்சம் கேட்டுக்கொண்டபடி மேஜர், மீசை, மூட்டை கட்டிய கையோடு நூறு, எல்லாரும் பள்ளத்தைச் சுற்றி நின்றார்கள். மிச்சம் விறைப்பாக நின்று நடந்ததைச் சொன்னார். என் பெயரை இழுக்கவில்லை. நானே இழுத்தேன். "நான்தான் சார் அவரைப் பேச்சுல பிடிச்சு வெச்சேன்" என்றேன். மேஜர் என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதியாகிவிட்டேன்.

சல்லடையை மிச்சம் என்னிடம் நீட்டினார். "இப்ப நான் சம்பந்தப்பட்டவன். நான் எண்ணக் கூடாது. வெளியாள் நீதான்."

முதல் வரிசையைச் சலித்தேன். கருகிய கவ்விகளைப் பத்துப் பத்தாக ஒரு பலகையில் வைத்தேன். நாற்பத்தேழு. மண்ணை ஒரு விரற்கடை தோண்டி மறுபடி சலித்தேன். நாற்பத்தேழு.  மற்ற இரண்டு வரிசையையும் சலிக்கச் சொன்னார் மேஜர். இரண்டும் நாற்பத்தெட்டு. முதல் பீரங்கியில் கடைசி அவசரத்தில் ஒரு பை குறைவாக உருவப்பட்டிருக்கிறது. ஒரு பை கூடுதலாக உள்ளே போய், குண்டு மலையைத் தாண்டியிருக்கிறது.

மீசை தொப்பியைக் கழற்றினார். "என் பீரங்கிதான் சார். பாக்காமலே கையெழுத்துப் போட்டேன்" என்றார். ஒத்துக்கொண்டதற்காக அந்த மீசையை அன்றிலிருந்து எனக்குக் கொஞ்சம் பிடிக்கும்.

மேஜர் சிவப்புப் பேனாவை எடுத்தார். மிச்சம் தன் வேலை ஏட்டை அவரே திறந்து, பக்கத்தை அவரே பிடித்துக்கொண்டார். 'எண்ணாமல் எழுதப்பட்டது' என்று ஒரு வரி. மை காயும்வரை மூடவில்லை. நூறு தன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு தங்குமிடத்துக்குத் திரும்பி நடந்தாள். நாலடி போய்த் திரும்பிப் பார்த்தாள். 

எல்லாரும் போன பிறகு அவர் மண்மேட்டில் உட்கார்ந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன்மா. அந்தக் கூடுதல் பையைக் கண்டுபிடிச்சதே எங்க அப்பாதான். யாரும் எண்ணச் சொல்லல. யாரும் கேக்கல. அவரே எண்ணி, அவரே அதைக் கையில எடுத்துட்டுப் போய் அதிகாரிகிட்ட நீட்டினாரு. அதிகாரிதான் அதை வாங்கிப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு, யாருக்கும் தெரிய வேணாம்னுட்டாரு. நான் இத்தனை வருஷமா அவரு பண்ணின தப்பை மட்டும்தான் மறைச்சேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்." மடங்காத காலைத் தடவிக்கொண்டார். "நேத்து சாயங்காலம் மேஜர் முன்னாடி நின்னப்பதான் தெரிஞ்சுது, அந்தப் பையை எடுத்துட்டு நடக்கறது எவ்வளவு கஷ்டம்னு. அப்பாவையும் எழுதிடும்மா. தப்பையும் எழுது. நடந்துபோய்க் கொடுத்தாரே, அதையும் எழுது."

எழுதினேன். 'ஓய்ந்தன' என்ற சொல்லை அடித்துவிட்டு ஒரு பக்கம் எழுதினேன். கர்னல் அதை இரண்டு முறை படித்தார். திருத்துவதற்காகத் திறந்த பேனாவை மூடிவைத்துவிட்டு, "அந்த மூணு பேரு பெயரையும் சேர்த்துடுங்க. கழுதைங்க பெயரெல்லாம் இருக்கு" என்றார்.

இரண்டு மாதம் கழித்து, மிச்சம் ஓய்வு பெறும் நாள். அன்றே சமையல்காரர் ஒருவரும் ஓய்வு பெற்றார். விடைக்குண்டு சமையல்காரருக்கு. மிச்சம் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தார்; தைத்தவர் விட்டால்தானே. பீரங்கிப் பக்கம் போகாமல், ஏட்டோடு பள்ளத்தருகே நின்றார். நானும் அச்சான புத்தகத்தோடு கொஞ்சம் தள்ளி நின்றேன். வாயைத் திறக்கவே இல்லை.

மூன்றாம் பீரங்கி. தலைவி நூறு. பதினொரு வாரம் முடித்து, மறுநாள் தன் பட்டாலியனுக்குக் கிளம்புகிறவள். சமையல்காரர் கயிற்றை இழுத்தார், தரை அதிர்ந்தது, எல்லாரும் கைதட்டினார்கள். மிச்சம் மட்டும் மலைச்சரிவைப் பார்த்துக்கொண்டு நின்றார். புகை எழுந்த இடம் சரியாக இருந்தது. அவர் கை கயிறு பிடிப்பது போல ஒருமுறை மூடித் திறந்ததை நான் பார்த்தேன்.

உருவிய பைகளை வழக்கமாக ஒரு சிப்பாய்தான் கொண்டுவருவான். அன்று விடைக்குண்டின் பைகளை நூறே கொண்டுவந்தாள். பள்ளத்தில் வைத்தாள். மிச்சம் குனிந்து தொட்டு எண்ணினார்.

"ஒண்ணு. ரெண்டு."

எழுதிவிட்டு, கையெழுத்துக்காக ஏட்டை நீட்டினார். நூறு பேனாவை வாங்கினாள். ஆனால் உடனே கையெழுத்துப் போடவில்லை. அவர் எதிரிலேயே மண்டியிட்டு, அந்த இரண்டு பையையும் தானும் ஒருமுறை எண்ணினாள்.

"ரெண்டு சரியா இருக்கு அண்ணே" என்று சொல்லிவிட்டுத்தான் போட்டாள்.